கிளம்பச் சொல்லும் காப்பி

ட்ராவ்னிக்கில் இறங்கும்போது மழை.
பையில் பன்னிரண்டு பக்க விலைப்பட்டியல்,
வழவழத் தாளில் இத்தாலிய இயந்திரங்கள்.
முப்பது நொடியில் ஒரு கோப்பை
என்று அட்டையிலேயே அச்சடித்திருந்தது.

முனேவெராவின் கடையில் ஆறு மேசை.
ஆறிலும் ஆள்.
அடுப்போரத்து முக்காலியிலிருந்து பூனையை எழுப்பிவிட்டு
உட்கார் என்றாள்.
யாரென்று கேட்கவில்லை.
பையைப் பார்த்தாள், போதும்.

முதல் காப்பி வந்தது.
எங்கள் நாட்டில் அதற்கு டோச்செக்குஷா என்று பெயர்,
வந்தவரை வாவென்னும் காப்பி.
செம்புத் தட்டு, நீள்கைப்பிடிச் செம்புக் குடுவை,
பிடியே இல்லாத குட்டிக் கிண்ணம்,
மாவுச் சர்க்கரை போர்த்திய
ரோஜா மணக்கும் மிட்டாய்த் துண்டு ஒன்று.
சர்க்கரைக் கட்டியின் ஒரு முனையைக் காப்பியில் தொட்டுப்
பல்லிடுக்கில் வைத்து
அதன் வழியே கசப்பை உறிஞ்சினேன்.
பேருந்தில் மூன்று மணி நேரம் மனப்பாடம் செய்த முதல் வாக்கியம்
அதோடு சேர்ந்து இறங்கிப் போயிற்று.

ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை ஓடும்?
எண்ணியதில்லை என்றாள்.
கொதிநீரில் கொஞ்சம் எடுத்துத் தனியே வைத்தாள்,
தூளின் மேல் மீதியைச் சாய்த்தாள்.
நுரை எழுந்தது, தூக்கினாள்.
அடங்கியது, வைத்தாள்.
மறுபடி எழுந்தது.
தனியே வைத்த நீரைத் திருப்பி ஊற்றும்போது மட்டும்
கடையில் யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை.

அது இரண்டாவது, ரஸ்கொவொருஷா,
பேசவைக்கும் காப்பி.
இயந்திரத்தைப் பற்றித்தான் பேச வாயெடுத்தேன்.
என் மகள் க்ராட்ஸில் இருக்கிறாள் என்று வந்தது.
ஞாயிறுதோறும் அழைப்பேன்,
மூன்றாவது மணியில் நானே வைத்துவிடுவேன்,
அவள் எடுக்கவில்லை என்று ஆகிவிடாதபடி.
இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.
பாலாடைக்கட்டி விலைக்குச் சண்டையிட்டுக்கொண்டிருந்த
ஷெஃபிகாவும் ரஸியாவும்
நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்,
பிறகு விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள்.
நல்லவேளை.

மூன்றாவது வந்தது.
சிக்தெருஷா.
யாரும் எதுவும் சொல்வதில்லை, கிண்ணமே சொல்லிவிடும்:
போதும், கிளம்பு.

பதினாறு வருடமாய் விற்கிறேன்.
முகத்தில் கதவை அறைந்திருக்கிறார்கள்,
விடெஸில் ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டார்.
புதிதாய் வறுத்து, அரைத்து,
இருமுறை நுரை எழுப்பி
என்னை யாரும் அனுப்பியதில்லை.

வெட்கத்தோடு பட்டியலை நீட்டினேன்.
கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்,
பன்னிரண்டு பக்கமும் படித்தாள்,
அடியிலிருந்த பொடி எழுத்து உட்பட.
நல்ல சாமான்தான்.
ஆனால் யாரை எப்போது கிளப்புவதென்று
இதற்குத் தெரியுமா?

ஆறு மேசையும் சிரித்தது.
மூலையிலிருந்து தொப்பிக்கார ஸியோ கிண்ணத்தை உயர்த்தினார்:
எனக்கு எடுத்த எடுப்பிலேயே மூன்றாவதுதான் தருகிறாள்,
பதினோரு வருடமாய்.
போய்விட்டேனா?

மூன்றிலும் அதுதான் ருசி, ஏனென்று தெரியவில்லை.
வண்டல் நாக்கில் படும்வரை குடித்தேன்.
முதல் இரண்டுக்குக் காசு எடுத்துக்கொண்டாள்.
அனுப்புகிற காப்பிக்கு வாங்குவதில்லையாம்.

திரும்பும் பேருந்தில் பட்டியலைப் புரட்டினேன்.
ஐந்தாம் பக்கத்தில், விலைக்கு மேல்
ஈரக் கிண்ணத்தின் பழுப்பு வட்டம்.
முதலாளி கேட்டால் மழை என்று சொல்லலாம்.
மடித்துக் கொடுத்த மிட்டாய் சட்டைப்பையில் இளகியிருந்தது.

வியாழக்கிழமைதான்.
இருந்தாலும் எண்ணை அழுத்தினேன்.
ஒரு மணி.
இரண்டு.
விரல்களில் மாவுச் சர்க்கரை, பிசுபிசுப்பு.
மூன்று.
உங்கள் கையில் என்னவோ மணக்கிறதே என்றார்
பக்கத்து இருக்கைக்காரர்.
பேசாமலிருங்கள் என்று சைகை காட்டினேன்.
நான்கு.